கால்கள் நம்பிய தரவரிசை

தெருமுனையில் தன் வரவேற்புப் பெண் வருவது கண்ணில் பட்டதும், பல் மருத்துவரின் கால்கள் அவருடைய சொந்த கிளினிக் வாசலிலேயே நின்றுவிட்டன. அவள் நிதானமாக நடந்து வந்து, அவரைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அவை நகர்ந்தன. அன்று திங்கட்கிழமை, லேசான தூறல், தக்காளி விலை முந்தின வாரத்தைவிடச் சற்று இறங்கியிருந்தது. மருத்துவர் முதலில் மூட்டுக் கோளாறு என்றுதான் நினைத்தார். மறுநாளும் அதே இடத்தில் அதே மாதிரி நிற்க நேர்ந்ததும், வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டார். அவள் கைப்பையை மேசையில் வைத்துக்கொண்டே, "தரவரிசையில நீங்க எனக்கு ரொம்பக் கீழ இருக்கீங்க டாக்டர், அதான்," என்றாள். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் உயிரைக் கொடுத்துக் காத்த கோட்டையை அவள் முந்தின வாரம்தான் பிஸ்கட்டை நொறுக்குவதுபோல நொறுக்கித் தள்ளியிருந்தாள்.

'கோட்டை' என்பது கைப்பேசியில் ஆடும் விளையாட்டு. ஓர் அணி கோட்டையைக் காக்கும், இன்னோர் அணி இடிக்கும், சங்கதி அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அதை ஆடினார்கள், மீதிப் பேர் ஆடுகிறவர்களைத் திட்டினார்கள். பழைய தரவரிசை ஒன்று இருந்தது. அதில் காசு கொடுத்துத் தங்க வாள் வாங்கியவன் மேலே இருப்பான். வேலைவெட்டி இல்லாமல் நாள் முழுக்க ஆடுகிறவன் அவனுக்கும் மேலே இருப்பான். சகட்டுமேனிக்குப் புகார் வந்ததால், விளையாட்டை நடத்திய நிறுவனம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யச் சொன்னது. நிறுவனம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருத்தி ரப்பர் நாற்றத்துக்கு நடுவில் இரண்டு வருஷம் உட்கார்ந்து அதைச் செய்தாள். வலிய ஆளை ஜெயித்தால் நிறையப் புள்ளி, சோப்ளாங்கியை ஜெயித்தால் பொட்டுப் புள்ளி. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் நடுவில் நழுவுகிறவனுக்குப் பலத்த வெட்டு. வாள் தங்கமா தகரமா என்று அந்தக் கணக்கு ஏறிட்டும் பார்க்காது. புது ஆள் வந்தால் சில ஆட்டங்கள் சும்மா கவனித்துவிட்டுத்தான் எடை போடும். ஒரு சீசன் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை, முதலாளியே காலில் விழுந்தாலும் கணக்கை மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டிருந்தாள். அந்தத் தரவரிசை அவ்வளவு நேர்மையாக இருந்ததால், ஆடுகிறவர்களின் கால்கள் அதை நம்பிவிட்டன. வேறு விளக்கம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஆடுகிறவர்கள் இரண்டு பேர் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டால் போதும். மேலே இருப்பவர் முன்னால், கீழே இருப்பவர் பின்னால் என்று கால்கள் தாமாகவே வரிசை பிடித்துக்கொள்ளும். கால் தரையில் படாதவரை தொந்தரவு கிடையாது. பஸ்ஸில் உட்காரலாம், சைக்கிள் மிதிக்கலாம், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு யாரையும் முந்தலாம். விளையாட்டையே விட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களுடைய கால்கள் விட்ட நாளில் இருந்த இடத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை என்றானதும், அலுத்துப்போய்த் திரும்பி வந்து ஆடினார்கள். நரம்பு மருத்துவர் ஒருவர் நாலைந்து பேரைச் சோதித்து, கால்கள் பூரண ஆரோக்கியமாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். வங்கியில் டோக்கன் தரும் இயந்திரம் ஓரம் கட்டப்பட்டது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் எட்டாம் வகுப்புக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஆடிய வீடுகளில் என்ன நடந்தது என்று எழுதினால் அதற்கே ஒரு புத்தகம் வேண்டும். ஆறு மாதத்தில் ஊர் பழகிவிட்டது.

பழகாதவள் ஒருத்திதான். அவள்தான் அந்தத் தரவரிசையைச் செய்தவள். வரவேற்புப் பெண்ணின் கூடப்பிறந்த அக்கா. வீட்டில் ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள். அதற்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த வீட்டில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. பெரியவள் கண் விழித்துப் படித்து வாங்கியதைச் சின்னவள் பேசியே வாங்கிவிடுவாள். பெரியவள் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று, சின்னவள் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். வீடே அந்த முட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. முதல் மதிப்பெண்ணை ஏனென்று கேட்க நாதியில்லை. "விழுந்ததுகூட வேணும்னே விழுந்தா அவ," என்று பெரியவள் முப்பது வயது தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள், தன் கையால் செய்த கணக்கு தன் தங்கையைத் தெருவிலேயே முதல் இடத்தில் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்தாள். தன் கணக்கில் ஒரு தப்பாவது இருக்காதா என்று அவள் ஏங்கியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். தப்பு இல்லை. சின்னவள் நிஜமாகவே நன்றாக ஆடினாள்.

அடுத்த சீசனுக்கு அணித் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை செய்யச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். அதுவரை தரவரிசையில் மேலே இருப்பவரே தலைவர். விளைவு, மேலே இருப்பவன் கத்துவான், கீழே இருப்பவன் கொள்ளையில் பங்கு கிடைக்காமல் பாதியில் ஓடுவான். பெரியவள் யோசித்தாள். நன்றாக ஆடுவது வேறு, ஆளைக் கட்டி மேய்ப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும். கோட்டை இடிந்து விழும்போது யார் சொல்லுக்கு ஆட்கள் ஓடாமல் நிற்கிறார்களோ அவரே தலைவர் என்று வைத்தாள். ஓட்டைக் கெஞ்சி வாங்கலாம், புகழ்ச்சியைக் கொடுத்து வாங்கலாம். தோற்கிற ஆட்டத்தில் கடைசிவரை ஒருவனை நிற்கவைப்பதை எதைக் கொடுத்தும் வாங்க முடியாது. நல்ல கணக்கு. இன்றைக்கும் அதில் குறை சொல்ல ஆள் இல்லை. புதுக் கணக்கைத் திறந்துவிட்டுப் பார்த்தால், இந்தப் பக்கத்து அணிக்குத் தலைவி யார்? வேறு யார், சின்னவள்தான். பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் காலை முழுக்க "இதோ, அடுத்து நீங்கதான்," என்று சமாதானம் சொல்லி உட்காரவைத்த குரல் அது. சுவர் சரியும்போதும் அதே குரலில் "இதோ முடிஞ்சுரும், யாரும் போயிடாதீங்க," என்பாள். யாரும் போக மாட்டார்கள்.

கால்கள் இதையும் நம்பின. சின்னவள் தெருவில் இறங்கினால், அவள் அணியில் யார் கண்ணில் பட்டாலும் அவர்கள் அவள் பின்னால் நடந்தார்கள். அவள் பஸ் ஏறும்வரை, அல்லது ஏதாவது ஒரு மூலை திரும்பிக் கண்ணிலிருந்து மறையும்வரை. பல் மருத்துவர், பால் வண்டி ஓட்டுகிறவர், சாவி செய்கிறவர், கணக்கு டீச்சர் எல்லாரும் வந்தார்கள். அந்த வரிசையில் லிப்ட் மெக்கானிக் ஒருவரும் இருந்தார். அவர் பெரியவளின் புருஷன்.

அக்கா குடும்பம் கீழ்ப் போர்ஷன், அம்மாவும் சின்னவளும் மாடிப் போர்ஷன். காலையில் சின்னவள் படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டால், மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் பிரஷ்ஷும் நுரையுமாக எழுந்து போவார். பஸ் நிறுத்தம்வரை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மிச்சப் பல்லைத் துலக்குவார். சாயங்காலம் அவள் கீழே வந்து கறிவேப்பிலை கேட்டால், அவள் சமையலறைக்குப் போக அவரும் போவார், அவள் திரும்பினால் அவரும் திரும்புவார். பெரியவளின் வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா இல்லை. சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை, குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிச் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது நீண்டது. அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, மாப்பிள்ளை என்ன வாத்துக் குஞ்சா? அவ போற பக்கமெல்லாம் போறாரு," என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் எரிச்சல் பெரியவளுக்கு ஒரு வாரம் தாங்கியது.

அவள் அவரைப் பிடித்துவைத்துக் கேட்கத்தான் செய்தாள். மெக்கானிக் பரம சாது. பொய் சொல்லக்கூடத் தெரியாது. "காலுதான்மா போகுது, நான் போகல," என்றார்.

"கால் மட்டும் எப்படிங்க போகும்? மேல இருக்கிற ஆள் யாரு?"

"நான்தான். ஆனா நான் சும்மா மேல உக்காந்திருக்கேன்."

"அப்ப போகும்போது அவகூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போறீங்களே, அதுவும் காலா?"

வழியெல்லாம் உம்மென்று போகவா முடியும், கொழுந்தியாள் ஏதாவது கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று முனகினார். பெரியவளுக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் தப்பு செய்கிறவர் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தன் புருஷன் தன் பின்னால் ஒருநாளும் அப்படி நடந்ததில்லையே, தங்கையின் பிடரியை அவர் பார்த்த அளவுக்குத் தன் பிடரியைப் பார்த்திருப்பாரா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. பொறாமைக்குச் சந்தேகம் வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அதுவரை பெரியவள் விளையாடியதில்லை. ஆகவே அவள் கால்கள் அவள் இஷ்டப்படி நடந்தன. இனி நாமும் ஆடுவோம், நேர்மையாகவே ஆடி அவளைத் தாண்டுவோம் என்று முடிவெடுத்தாள். விதி அத்தனையும் அவள் போட்டது. எந்த அடிக்கு எத்தனை புள்ளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஆட்டத்தில் இறங்கினால், எந்தப் பக்கம் காப்பது நியாயம் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் கோட்டை தரைமட்டமாகியிருக்கும். புது ஆளைக் கவனிக்கும் ஆட்டங்கள் முடிந்தன. அவள் செய்த தராசு அவளையே நிறுத்துக் காட்டியது. தங்கையின் அணியிலேயே சேர்ந்திருந்தாள், புருஷன் இருக்கும் இடத்தில்தானே இருக்க முடியும். அந்த அணியில் கடைசி இடம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அணி பூங்காவில் கூடிப் பேக்கரிக்கு நடக்கும்போது, முன்னால் சின்னவள், அவளுக்கு மூன்று ஆள் தள்ளி மெக்கானிக், எல்லாருக்கும் பின்னால் பெரியவள் என்று போனார்கள். முன்னால் ஏதாவது நகைச்சுவை ஓடும். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி அவளிடம் வந்து சேரும்போது, எதற்கென்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மூன்றாவது சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் மதியம், அலுவலகத்தில் எல்லாரும் டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தார்கள். கணக்கின் பூட்டு திறந்திருந்தது. பெரியவள் அதில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். தன் தங்கையின் கணக்கு எத்தனை ஜெயித்தாலும், அணியில் எல்லாருக்கும் கீழேதான் நிற்கும் என்ற வரி. அதைச் சேர்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது, அவ்வளவுதான். பூட்டு விழுந்தது. டீ குடித்தவர்கள் ஏறி வந்து, ஏன் இவ்வளவு உற்சாகமாக இருக்கிறாய் என்று கேட்டார்கள்.

அந்த ஞாயிறு பூங்கா வாசலில் சின்னவளின் கால்கள் கொஞ்சம் தடுமாறின. பிறகு திரும்பி, வரிசையைத் தாண்டி வந்து, அக்காவுக்குப் பின்னால் நின்றன. சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் பின்னால் அந்தச் செருப்புச் சத்தம் கேட்க, மருந்துக் கடையைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி, வெயில் முகத்தில் அடிக்க நடந்தாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நடந்ததில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டாள். சாவிக் கடையைத் தாண்டி ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், பிறகு மறுபடியும் மருந்துக் கடை வந்தது. பேக்கரி வரவில்லை. மறுபடியும் தையல் கடை. கடைக்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, "என்ன, வழி தப்பிருச்சா?" என்றார். அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. தரத்தை இறக்கினாளே தவிர, தலைமையைத் தொடவில்லை. இரண்டையும் தனித்தனியாக எடை போட வேண்டும் என்று பிரித்துவைத்தவள் அவளேதான். தலைவி என்பதால் எல்லாரும் சின்னவளுக்குப் பின்னால் போயாக வேண்டும். கடைசி ஆள் என்பதால் சின்னவள் எல்லாருக்கும் பின்னால் போயாக வேண்டும். கால்கள் இரண்டையும் நம்பின. வரிசை வளைந்து, தலையும் வாலும் ஒட்டி, அந்தக் கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு காய்கறி வண்டி குறுக்கே வந்தபோது பல் மருத்துவர் அதில் தாவி ஏறினார். அப்புறம் ஒவ்வொருவராக எதையாவது பிடித்துத் தொற்றித் தரையை விட்டுக் காலைத் தூக்கினார்கள்.

தெருவில் நடந்தது ஊருக்கு வேடிக்கை. வீட்டில் நடந்ததுதான் பெரியவளுக்கு இடி. மறுநாள் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்தால், கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தன் புருஷனும் தங்கையும் நடந்துகொண்டிருந்தார்கள். இவர் அவளுக்குப் பின்னால், அவள் இவருக்குப் பின்னால். இரண்டே பேர் என்பதால் சிறிய வட்டம். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பார்க்கிறவருக்குப் புரியாது. அம்மா நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "வா, வா. ரொம்ப நேரமாச் சுத்துறாங்க. நீயும் சேந்துக்கோ," என்றாள். பெரியவள் வாசலில் நின்றபடியே அழுதுவிட்டாள். பிரிப்பதற்காகச் செய்தது இப்படிச் சேர்த்துவைத்துச் சுற்றவிட்டிருக்கிறதே என்று அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவள் கால்கள் உள்ளே போய், புருஷனுக்குப் பின்னால், தங்கைக்கு முன்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மூன்று பேரும் சுற்றினார்கள். வட்டம் கொஞ்சம் பெரிதாகி, மெக்கானிக்கின் முழங்கை அலமாரியில் இடித்தது. அம்மா உரித்த பட்டாணி பாத்திரத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

"அக்கா, உன் பின்னந்தலையில ரெண்டு மூனு நரை இருக்கு," என்றாள் சின்னவள்.

"இருக்கட்டும்."

"நீதானே பண்ணே?"

பெரியவள் நடந்தாள். ஜன்னல் வந்தது, அலமாரி வந்தது, அம்மாவின் நாற்காலி வந்தது.

"இத்தனை வருஷமா ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரே நாள்ல எப்படிக்கா கடைசிக்குப் போவேன்? சொல்லு."

"ஆமா. நான்தான் பண்ணேன்."

"ஏன்?"

"பொறாமைடி. வேற என்ன? வயிறு எரிஞ்சுது, பண்ணிட்டேன்."

"அப்பாடா, சொல்லிட்டா," என்றாள் அம்மா. "இவளுக்குப் பல்லு மொளைக்கும்போதே நீ அழுதவ. எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் முன்னால் பார்த்தபடியே, "என்மேல பொறாமையா, அவமேல பொறாமையா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்மேலயும்," என்றாள் பெரியவள். "சும்மா நடங்க."

சின்னவள் ஒன்றும் மகாத்மா இல்லை. கோபத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று அக்காவைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். இறங்கி மறுபடியும் அவள் பின்னால் நடந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறித் திட்டினாள். அதற்குப் பிறகு அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பேச்சு இல்லை, ஆனால் நடை இருந்தது. சீசன் முடியும்வரை பூட்டைத் திறக்க முடியாது. திறக்க முடியாத பூட்டைப் போட்ட புண்ணியவதியும் பெரியவள்தான். ஆகவே அந்த வீட்டில் சாமான்களையெல்லாம் சுவரோரம் தள்ளினார்கள். மேசையை நடுவில் விட்டு, சுற்றிக்கொண்டே எட்டி எடுத்துச் சாப்பிடும்படி தட்டுகளை ஓரத்தில் அடுக்கினார்கள். கூடத்தின் சிமெண்டுத் தரையில் வட்டமாக ஒரு பளபளப்பு விழுந்தது. உறவுக்காரர்கள் வந்தால் சோபாவில் காலைத் தூக்கி உட்கார்ந்து, சுற்றி வருகிறவர்களிடம் வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் பேசினார்கள்.

பெரியவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. தங்கை தன் பின்னால் நடந்தாள். ஆனால் அவள் தினமும் அலுவலகத்தில் ஒன்றைக் கவனித்தாள். கடைசிக்குத் தள்ளப்பட்ட பிறகும் சின்னவளின் அணியிலிருந்து ஓர் ஆள்கூட விலகவில்லை. ஞாயிறுதோறும் வந்து, கடைத் தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, காய்கறி வண்டி பிடித்து வீட்டுக்குப் போனார்கள். பல் மருத்துவருக்குக் காலில் கொப்புளம் வந்தது. மருந்து போட்டுக்கொண்டு வந்தார். சின்னவள் நிறுவனத்துக்கு ஒரு புகார்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் பெரியவளின் வேலை போயிருக்கும். இதெல்லாம் பெரியவளை முன்னைவிட மோசமாக எரித்தது. முதல் இடத்தின்மேல் தனக்குப் பொறாமையே இல்லை, அதைப் பறித்த பிறகும் அவளிடம் மிச்சம் இருக்கிறதே அதன்மேல்தான் பொறாமை என்று அப்போது புரிந்தது. அதை இறக்க எந்தக் கணக்கிலும் வழியில்லை. அதையும் அவளேதான் அப்படிச் செய்துவைத்திருந்தாள்.

சீசன் முடிந்து பூட்டு திறந்த அன்று, அவள் வெகுநேரம் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்டுவைத்தால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. தங்கை காலத்துக்கும் பின்னாலேயே வருவாள். எடுத்தால் இவள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆனால் இரண்டு வருஷம் சுத்தமாகச் செய்த கணக்கில், அந்த வரி பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டாள். எடுத்ததும் பெரிய மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வீடு வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு காலை வரிசை நேராக நின்றது. முன்னால் சின்னவள், பிறகு மருத்துவர் முதலான பரிவாரம், நடுவில் மெக்கானிக், கடைசியில் பெரியவள். பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு பேக்கரியைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாரும் இரண்டு பன் கூடுதலாகத் தின்றார்கள். சின்னவள் அன்று அக்காவிடம் பேசினாள். "டீ ஆறுது," என்றாள். அவ்வளவுதான், ஆனால் பேசினாள். பெரியவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. மறுநாள் காலையில் செருப்புச் சத்தம் கேட்டதும் புருஷன் பிரஷ்ஷோடு எழுந்து போனார். பெரியவள் அவருக்குப் பின்னால் தனியாக நடந்து போனாள்.

ஒரு மாதம் கழித்து, பூட்டு விழுமுன் அலுவலகத்தில் புதிதாக வைத்திருந்த சல்லடையில் ஒரு பெயர் சிக்கியது. வேண்டுமென்றே தோற்கிறவர்களைப் பிடிக்கும் சல்லடை அது. சிலர் கீழே இறங்கிச் சோப்ளாங்கிகளோடு மோதி வீரம் காட்டுவதற்காகத் தோற்பார்கள்; அவர்களைப் பிடித்து, ஒரு வருஷம் அணியின் கடைசி இடத்தில் நிறுத்துவது தண்டனை. சிக்கிய பெயர் லிப்ட் மெக்கானிக்குடையது. திறந்த கதவைக் காக்காமல் நின்றிருக்கிறார், சுவர் ஏறுகிறவனுக்கு ஏணி பிடித்திருக்கிறார், சொந்தக் கோட்டைக்குத் தானே தீ வைத்திருக்கிறார். பெரியவள் வீட்டுக்கு வந்து கேட்டாள். அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வேணும்னே தோக்கறீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நடுவுல நடந்தா உன்னைத் திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு. கழுத்து பிடிச்சுக்குது."

பெரியவள் அந்தக் கிரீஸ் துணியை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "தண்டனை என்னன்னு தெரியுமா?" என்றாள்.

"தெரியும். கடைசி இடம். உனக்கும் பின்னால."

"நான்தான் போடணும். நம்ம வீட்டு ஆளுன்னு சலுகை எல்லாம் கிடையாது."

"யாரு கேட்டா சலுகை?" என்றார் மெக்கானிக். "ஒரு வருஷத்தைக் குறைச்சுப் போட்டுடாதே."

அவள் குறைக்கவில்லை. விதிப்படி முழுத் தண்டனையும் போட்டாள். அடுத்த ஞாயிறு பூங்கா வாசலில் கால்கள் இடம் பிடித்தபோது, மெக்கானிக் எல்லாரையும் தாண்டி வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். வரிசை நகர்ந்தது. அவர் ஏதோ சொன்னார், பெரியவள் சிரித்தாள். வரிசையின் வாலில் பிறந்த சிரிப்பு என்பதால், அது வேறு யாரிடமும் போக வேண்டிய அவசியம் இல்லாமல் அங்கேயே நின்றது. அவர் இன்னொன்று சொன்னார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, நடக்க முடியாமல் குலுங்கினாள்.

வரிசையின் முன்னால் யாரும் இல்லாத தெருவில் நடந்துகொண்டிருந்த சின்னவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் கழுத்தைத் திருப்பி, "அங்க என்ன அப்படிச் சிரிப்பு?" என்று கத்தினாள். கேள்வி பல் மருத்துவர் வழியாக, கணக்கு டீச்சர் வழியாக, ஒவ்வொரு வாயாகப் பின்னால் போனது. பதில் அதே வழியில் முன்னால் வந்தது.

"ஒன்னும் இல்லையாம்," என்றார் பல் மருத்துவர்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், முதல் இடத்துக் கால்கள் பின்னால் திரும்பாது. சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. அத்தனை பேருக்கும் பின்னாலிருந்து, அவள் பிடரி விறைத்த விதத்தைப் பார்த்தே பெரியவளுக்கு அது தெரிந்துவிட்டது; ஊரிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வரிசை மருந்துக் கடையைத் தாண்டிப் பேக்கரிக்குப் போனது. இப்போதும் ஞாயிறுதோறும் போகிறது.